கரை ஒதுங்கியது

ஒரே குப்பி, ஒரே ஊசி, ஒரே கை.
காலை எட்டரைக்குத் தொண்ணூற்றேழு.
பத்து மணிக்கு எண்பத்தொன்று.
தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால்
நூற்று மூன்று.
இது மஞ்சள் மாத்திரை அல்ல,
மார்கழிக் கடல்
என்று எழுதிக் கையெழுத்து வைக்கவா?

மஃப்றூக் சொன்னான், கொலம் செத்துப்போச்சு.
அவனுக்கு எல்லாமே செத்துத்தான் போகும்:
போன மாதம் பம்ப், அதற்கு முன் விளக்கு,
ஒருமுறை உயிரோடிருந்த பிரிண்டர்.
கொழும்பிலிருந்து விஜேதுங்க சேர்
ஒரு சொல்லில் முடித்தார்:
ஆள்.

ஆள் நான்.
அழுத்தம் பார்த்தேன், குமிழி தேடினேன்,
கொலத்தைக் கழற்றித் தலைகீழாய்க் கழுவினேன்.
மின்வெட்டைச் சந்தேகித்தேன், கச்சான் காற்றைச் சந்தேகித்தேன்,
உவர்மலை ஏறி வந்து
ஜன்னல் கண்ணாடியில் உப்பாய்ப் படியும் கடலையும்.

கன்னியாவில் ஏழு கிணறு.
ஒரே மண்; கை விட்டால் ஏழு சூடு.
ஏனென்று எவரும் சண்டை பிடிப்பதில்லை,
வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு
ஈரத்தோடு பஸ் ஏறுகிறார்கள்.
எனக்கு அந்தச் சுகம் இல்லை.
ஆறு தடவை குத்தினால்
சிதறல் இரண்டு வீதத்துக்குள் நிற்க வேண்டும்.

பின்னேரம் கேற்றடியில் ஒரு புள்ளிமான்
குப்பைக்கூடையைச் சாய்த்து
என் வரைபடங்களைத் தின்றுகொண்டிருந்தது.
சரி, உனக்காவது செரிக்கட்டும்.

எல்லோரும் போன பிறகுதான்
தட்டைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்.
நான்கு பாகை. வைத்தது நான்,
சாறு கெடக்கூடாதென்று.
பழுப்புக் குப்பியும் நான்தான் எடுத்தது,
வெளிச்சம் படக்கூடாதென்று.
இவ்வளவு அக்கறை.
தெளிந்த கண்ணாடிக்கு மாற்றி
ஜன்னலுக்கு நேரே பிடித்தேன்.
அடியில் தூசி.
இல்லை, தூசிக்கு இத்தனை ஒழுங்கு வராது:
மயிரிழை மயிரிழையாய்
மஞ்சள் ஊசிகள்.

மெதனோலின் கையைப் பிடித்து உள்ளே வந்த ஒன்று.
அளவு கூட்ட நான் தண்ணீர் ஊற்றினேன்,
அந்தக் கை நழுவியது.
குளிரில் தன் இனத்தோடு போய் ஒட்டிக்கொண்டது.
கரைந்தது என்று நான் எழுதியது
கரை ஒதுங்கிக் கிடந்தது.
தெளிந்த மேல்நீரைக் குடித்த ஊசி எண்பத்தொன்று சொன்னது,
படிவு நுனியில் சிக்கிய நேரம் நூற்று மூன்று.
கொலத்தின் மேல் குற்றம் இல்லை.
தண்ணீரை வெறுப்பவற்றைக்
கூட நேரம் பிடித்து வைத்திருப்பதுதான் அதன் தொழில்;
வாசலுக்கே வராததை
அது எப்படிப் பிடிக்கும்?

தட்டின் குளிரை நிறுத்தினேன்.
தண்ணீருக்குப் பதில் கொலத்தில் ஓடும் திரவத்தாலேயே
புதிதாய்க் கலக்கினேன்.
பில்டரில் இறங்கும் முதல் துளிகளைக் கொட்டினேன்,
அதுவும் கொஞ்சம் மஞ்சள் திருடும்.
இரவு ஒன்பதுக்கு ஆறு கூர்கள்,
காலைக்கூட்டத்துப் பிள்ளைகள் மாதிரி
ஒரே உயரத்தில்.

மறுநாள் மஃப்றூக் ஒன்றும் பேசவில்லை.
புதுக் கொலத்துக்கு எழுதிய படிவத்தை
நாலாய்க் கிழித்துக்கொண்டு
மானைத் தேடிப் போனான்.

நான் வைகாசிக் கோப்பைத் திறந்தேன்.
மூதூர், ஜெஸீமா, பதினாலாம் தொகுதி.
எண்பத்தொன்று. நிராகரிப்பு. என் கையெழுத்து.
அன்றைக்கு அந்த மனுசி வந்து நின்றா,
விரல் இடுக்கெல்லாம் மஞ்சளோடு.
நானே நின்று அரைச்சது, தங்கச்சி,
எங்க குறைஞ்சது?
கருவி பொய் சொல்லாது என்றேன்.
உண்மைதான். சொல்லவில்லை.
நான் கொடுத்ததை அளந்தது.

அலுமாரியில் பதினாலின் மிச்சம் இருக்கிறது,
இன்னும் முத்திரை உடையாமல்.
ஆனால் ஜெஸீமா
அந்த நூற்றியிருபது போத்தலை என்ன செய்தாவோ.

போன் போகிறது.
நாலாவது மணியில், ஆர்? என்கிறது குரல்.
பின்னால் ஆலை ஓடவில்லை.
என் மற்றக் கையில் நேற்றைய குப்பி.
உள்ளங்கைச் சூட்டில்
கொஞ்சம் கரைந்திருக்கிறது.
முழுதாக இல்லை.